தாங்கும் சுவரும் தாங்கும் தர்மமும்



'தர்மம்' என்னும் சொல்லுக்கு நாம் பல பொருள்கள் கூறிவருகிறோம். கடமை என்கிறோம், அறம் என்கிறோம், வாசலில் நிற்பவருக்கு ஒரு பிடி அரிசி இடுவதையும் 'தர்மம்' என்றே சுருக்கிவிடுகிறோம். வடமொழியில் இச்சொல் பிறந்த வேர் 'த்ரு' என்பதாகும். தாங்குதல், ஏந்தி நிற்றல் என்பதே அதன் பொருள். எது தாங்குகிறதோ அது தர்மம். இந்த வேர்ப்பொருளை வகுப்புகளில் நூறு முறையாவது சொல்லியிருப்பேன். ஆனால் அதன் கனத்தை நான் உணர்ந்தது குமாவூன் மலைப்பகுதியில், ஈரம் ஊறி வயிறு புடைத்து நின்ற ஒரு சுவருக்கு எதிரே நின்றபோதுதான்.

நைனிதால் மாவட்டத்தில் ஒரு சிறிய மலையூர். ஓக் மரங்களும் தேவதாருக்களும் சூழ்ந்த செங்குத்தான மேடு ஒன்று. அதன் உச்சியில் ஒரு வீடு. அடியில் ஒரு வீடு. மேல்வீட்டில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தம் துணைவியாருடன் வாழ்கிறார். கீழ்வீட்டுக்காரர் நாற்பது வயதைக் கடந்தவர். இரண்டு ஜீப்புகளை வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவர். மனைவி, இரண்டு பிள்ளைகள், முதிய தாயார் என்று குடும்பம். இரு வீட்டாரும் நம் மிஷனின் வாராந்திர ஸ்வாத்யாய வகுப்புக்குத் தவறாமல் வருபவர்கள். குமாவூனி மொழியில் அண்ணனைத் 'தாஜ்யூ' என்றும், தம்பியைப் 'புலா' என்றும் அழைப்பார்கள். இவ்விருவரும் இருபது ஆண்டுகளாக ஒருவரையொருவர் அப்படித்தான் அழைத்துவந்தனர். நான் சென்ற ஜூன் மாதத்தில் கீழ்வீட்டுக்காரர், 'மாஸ்டர் சாஹிப்' என்று மிகுந்த மரியாதையுடன் குறிப்பிட்டார். உறவு முறிந்த இடத்தில் மரியாதை கூடிவிடுவதை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

சண்டை ஒரு சுவரைப் பற்றியது. 2021-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அந்த மலைகளில் கொட்டிய மழையைப் பற்றிச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். முக்தேஷ்வரில் ஒரே நாளில் 340 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்தது. 1897-ஆம் ஆண்டிலிருந்து அங்கே மழையை அளந்துவருகிறார்கள், அவ்வளவு மழை அதற்குமுன் பதிவானதே இல்லை. அந்த மழையில் இந்த மேட்டின் முகப்பிலும் ஒரு பகுதி சரிந்து கீழ்வீட்டின் கொல்லைப்புறத்தை மூடியது. அஞ்சிப்போன கீழ்வீட்டுக்காரர் கடன் வாங்கி அடுத்த ஆண்டே ஆறு மீட்டர் உயரத்துக்கு ஒரு கான்கிரீட் தாங்குசுவர் எழுப்பினார். மலைமக்கள் இதனைப் 'புஷ்தா' என்பர். கட்டும்போதே, ஜீப்புகளை நிறுத்த இடம் வேண்டுமென்று மேட்டின் அடியை இன்னும் சற்று உள்ளே வெட்டிக்கொண்டார். சுவரின் தலைப்பகுதி தம் நிலத்துக்குள் ஒரு சாண் நுழைந்துவிட்டது என்று தலைமையாசிரியர் வழக்குத் தொடுத்தார். மேல்வீட்டுக் குளியலறைத் தண்ணீர் சுவரின் பின்புறத்து மண்ணில்தான் இறங்குகிறது என்று கீழ்வீட்டுக்காரர் எதிர்வழக்குத் தொடுத்தார். உண்மையைச் சொன்னால், இரண்டு குற்றச்சாட்டுகளும் முற்றிலும் பொய்யல்ல.

இருவரும் தனித்தனியே என்னிடம் வந்தார்கள். இருவர் கையிலும் காகிதக் கட்டுகள். ஒருவர் காலையில் வந்து நில அளவை வரைபடத்தை விரித்தார். மற்றவர் மாலையில் வந்து புகைப்படங்களை அடுக்கினார். சந்நியாசியை நீதிபதியாக்கும் இந்த வழக்கம் நம் நாட்டில் பழையதுதான். நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய தவறு ஒன்றைச் செய்தேன்.

அன்றைய சத்சங்கத்தில், யாருடைய பெயரையும் கூறாமல், மகாபாரதத்தின் உத்யோக பர்வத்தை எடுத்துக்கொண்டேன். ஐந்து கிராமங்கள் போதும் என்று இறங்கிவந்த பாண்டவர்களையும், ஊசிமுனை அளவு நிலமும் தரமாட்டேன் என்று மறுத்த துரியோதனனையும் விரிவாக வர்ணித்தேன். நன்றாகவே பேசினேன் என்று அப்போது எனக்கு ஒரு நினைப்பு. சபையின் வலப்பக்கத்தில் அமர்ந்திருந்த தலைமையாசிரியரைப் பார்த்தேன். முகத்தில் பெரும் திருப்தி. இடப்பக்கம் திரும்பினேன்; கீழ்வீட்டுக்காரர் முகத்திலும் அதே திருப்தி! எதிர்வரிசையில் இருப்பவர் துரியோதனன் என்பதைச் சுவாமிஜியே சொல்லிவிட்டார் என்று இருவரும் மகிழ்ந்து வீடு சென்றார்கள். அந்தச் சுவரின் உயரத்தில் என் உபதேசமும் ஓர் அடியைக் கூட்டிவிட்டது. சாஸ்திரத்தை அடுத்தவர் முகத்துக்கு நேரே பிடிக்கும் கண்ணாடியாக நாம் வைத்துக்கொள்ளும்வரை அது யாருக்கும் பயன்படுவதில்லை. அதை அப்படிப் பிடித்துக் கொடுத்த பொறுப்பு அன்று என்னுடையது.

மறுநாள் அவ்வூரின் முதிய மிஸ்திரி ஒருவரை அழைத்துக்கொண்டு சுவரைப் பார்க்கச் சென்றேன். சாந்து பூசாமல் கல்லோடு கல்லைப் பொருத்திப் புஷ்தா கட்டும் பழைய முறையில் கைதேர்ந்தவர் அவர். சுவரைச் சுற்றி நடந்தார். நடுப்பகுதியில் உள்ளங்கையை வைத்துச் சிறிது நேரம் நின்றார். அங்கே ஒரு கிடைமட்ட வெடிப்பு. அதற்குக் கீழே வேனிற்காலத்திலும் காயாத ஈரத் திட்டு. "துளைகள் எங்கே?" என்று கேட்டார்.

துளைகள் இருந்தன. சுவர் கட்டியபோது, பின்னால் தேங்கும் நீர் கசிந்து வெளியேறும்படி வரிசையாகக் குழாய்த் துண்டுகளைப் பதித்திருந்தார்கள். ஆனால் முதல் மழைக்காலத்திலேயே அவற்றின் வழியே வந்த சேற்றுநீர் ஜீப் நிறுத்தும் தரையையும் சமையலறை வாசலையும் நனைத்தது. மேல்வீட்டுக் குளியலறைத் தண்ணீரைத் தான் ஏன் சுமக்கவேண்டும் என்ற கோபத்தில் கீழ்வீட்டுக்காரர் எல்லாத் துளைகளையும் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டார்.

மிஸ்திரி சொன்னார்: "சுவாமிஜி, புஷ்தா மண்ணைத் தாங்கும். தண்ணீரைத் தாங்காது. அதற்கு வழிதான் விடவேண்டும். இவர்கள் அதன் வாயைக் கட்டிவிட்டார்கள்."

அவர் சொன்னதன் கணக்கை நம் மிஷன் அன்பரான பொறியாளர் ஒருவர் பின்னர் எனக்கு விளக்கினார். மண்துகள்கள் ஒன்றோடொன்று உரசிப் பிடித்துக்கொள்பவை. ஆகவே வறண்ட மண் தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விசையுடன்தான் சுவரைப் பக்கவாட்டில் தள்ளும். நீருக்கு அந்தப் பிடிப்பு கிடையாது. அது தன் முழு எடையோடும் தள்ளும். ஒரு கன மீட்டர் நீரின் எடை 1,000 கிலோ. சுவருக்குப் பின்னே 3 மீட்டர் உயரத்துக்கு நீர் தேங்கினால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் நாலரை டன் விசை தள்ளுகிறது. 6 மீட்டர் தேங்கினால் அது 18 டன் ஆகிறது. உயரம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு! சுவரைத் தடிமனாக்கிக்கொண்டே போவதைவிட, கைவிரல் நுழையும் சில துளைகளைத் திறந்துவைப்பது மேல்.

சாதகர்களே, இதைக் கேட்டபோது என் நினைவு கங்காவதரணத்துக்குச் சென்றது. பகீரதன் தவமிருந்து ஆகாய கங்கையை வேண்டினான். அவள் இறங்கிவரும் வேகத்தைப் பூமியால் தாங்க இயலாது. ஆகவே சிவபெருமானைச் சரணடைந்தான். பெருமான் என்ன செய்தார்? அணை கட்டவில்லை, கங்கையைத் திரும்பிப் போ என்று விரட்டவும் இல்லை. தம் சடையை விரித்து அவளை ஏற்றுக்கொண்டார். ஆயிரம் இழைகளுக்கிடையே அவளது வேகத்தை அடக்கி, பூமி பொறுக்கும் அளவுக்குச் சிறுகச் சிறுக வெளியே விட்டார். மலைச்சரிவில் நிற்கும் தாங்குசுவருக்கு இதைவிடச் சிறந்த இலக்கணத்தை எந்தப் பொறியியல் நூலில் காண்பது! ஏற்க வேண்டியதை ஏற்று, விட வேண்டியதை விடுவது.

நம் மனத்துக்கும் இதுவே பொருந்தும். கோபம் வந்தவுடன் கொட்டித் தீர்ப்பவர் சரிந்துவிழும் மேட்டைப் போன்றவர். அவரைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். பல ஆண்டுகள் சத்சங்கத்துக்கு வந்தவர்களிடம் காணும் நோய் வேறு. கோபம் வரக்கூடாது என்று கற்றிருக்கிறார்கள். ஆகவே துளைகளை அடைத்துவிடுகிறார்கள். வெளியே பார்த்தால் வழவழப்பான சுவர். 'மாஸ்டர் சாஹிப்' என்று மரியாதை. உள்ளே நீர்மட்டம் ஏறிக்கொண்டே போகிறது. வெறும் அடக்குமுறையால் என்ன பயன் என்று கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் பகவானே வினவுவதை இங்கே எண்ணிப்பார்க்கவேண்டும். தமம், சமம் என்று சாஸ்திரம் கூறும் புலனடக்கமும் மன அடக்கமும் அடைப்பு வேலை அல்ல. 'உங்கள் சொல் என்னைப் புண்படுத்தியது' என்று அமைதியாக ஒருவரிடம் சொல்லிவிடுவதும், 'அன்று தவறு செய்தேன்' என்று ஒப்புக்கொள்வதும் அந்தச் சிறு துளைகள். சேறு சிறிது வரும். தரை சிறிது நனையும்.

நைனிதால் இந்தப் பாடத்தைக் கொடுமையான விலை கொடுத்துக் கற்ற ஊர். 1880-ஆம் ஆண்டு செப்டம்பர் 18-ஆம் நாள், தொடர்மழையில் ஊறிய ஷேர்-கா-டாண்டா மலைச்சரிவு இடிந்து ஏரிக்கரையை மூடியது. 151 பேர் மாண்டார்கள். அன்று முதலில் ஒரு சிறு சரிவு ஏற்பட்டது. அதில் புதைந்தவர்களை மீட்க ஓடியவர்களும் பின்னர் நேர்ந்த பெருஞ்சரிவில் அகப்பட்டுக்கொண்டார்கள். ஏரிக்கரையில் இருந்த நைனாதேவியின் ஆலயமும் தப்பவில்லை.

தேவியே தன் கோயிலைக் காக்கவில்லையே என்று கேட்டு நம்பிக்கை இழப்பவர்கள் உண்டு. ஏதோ பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று எளிதாகச் சொல்லிவிடுபவர்களும் உண்டு. இந்த இரண்டாவது பேச்சு எனக்கு எப்போதும் கூச்சத்தை உண்டாக்குகிறது. பிறரை மீட்கச் சென்று மாண்டவர்களின் மீது பாவக்கணக்கு எழுத நாம் யார்? அவ்வூர் மக்கள் பிறகு என்ன செய்தார்கள் என்பதே எனக்கு ஆறுதலளிக்கிறது. தேவிக்கு மீண்டும் ஆலயம் எழுப்பினார்கள். மலைச்சரிவுகளில் விழும் மழைநீர் மண்ணுக்குள் ஊறாமல் ஏரிக்கு இறங்கிவிடுமாறு கல் பாவிய வடிகால்களையும் அமைத்தார்கள். ஏரிக்கு இறங்கும் அந்த நாலாக்களை இன்றும் அங்கே காணலாம். ஒரு கையால் ஆலயம், ஒரு கையால் வடிகால். பக்தியும் விவேகமும் அவர்களுக்கு இரண்டாகத் தெரியவில்லை.

அந்தப் பேரிடர் நிகழ்ந்து இரண்டே ஆண்டுகளில், 1882-இல், அண்டை நிலத்தாரின் உரிமைகளைப் பற்றி ஒரு சட்டம் நம் நாட்டில் இயற்றப்பட்டது. வக்கீல்கள் அதனை 'ஈஸ்மென்ட் சட்டம்' என்பர். இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று நான் கூறவில்லை. ஆனால் அதன் 7-ஆம் பிரிவு தரும் எடுத்துக்காட்டுகளில் இரண்டு, எனக்கு ஏதோ தர்மசாஸ்திரத்தைப் படிப்பதுபோலவே தோன்றின. இயல்பான நிலையிலுள்ள நிலத்துக்கு அண்டை நிலம் இயற்கையாக அளிக்கும் தாங்குதலைப் பெறும் உரிமை உண்டு என்பது ஒன்று. மேல் நிலத்தில் இயற்கையாக ஊறும் நீரும் பெய்யும் நீரும் தன் போக்கில் கீழ்நிலத்துக்கு இறங்குவதைக் கீழ்நிலத்தார் தடுக்கலாகாது என்பது மற்றொன்று.

இந்த இரண்டையும் வைத்து நம் இரு அன்பர்களையும் பாருங்கள். மேட்டின் அடியை வெட்டியவர் தாங்கும் கடமையை மறந்தார்; துளைகளை அடைத்தபோது ஏற்கும் கடமையையும் மறந்தார். மேலே இருப்பவரோ, மழைநீருக்கு மட்டும் உரிய வழியில் தம் குளியலறைக் கழிவுநீரையும் சேர்த்து அனுப்பினார். உரிமை பேசிய இருவருமே கடமையில் தவறியிருந்தார்கள். 'என் சுவர்', 'என் சாண் நிலம்' என்னும் மமகாரம் இருவர் கண்ணையும் மறைத்தது. மலைக்கு யாருடைய பட்டாவும் தெரியாது.

"தலைமையாசிரியர் குழாயைத் திருப்பட்டும், நீர் துளைகளைத் திறந்துவிடும், மழைக்கு இன்னும் மூன்று வாரந்தான் இருக்கிறது" என்று நான் கீழ்வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் தலைகுனிந்து, "சுவாமிஜி, வழக்கு முடியும்வரை எதையும் தொடாதே என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். தொட்டால் தவறை ஒப்புக்கொண்டதாகிவிடுமாம்" என்றார். மேலே ஏறிச்சென்று தலைமையாசிரியரிடம் கேட்டேன். அவருடைய வக்கீலும் அதையே சொல்லியிருந்தாராம்! சுவருக்கு நேர் கீழே உள்ள அறையில்தான் அந்தப் பிள்ளைகள் உறங்குகிறார்கள் என்பது இருவருக்கும் தெரியும். தெரிந்தும், யார் முதலில் அசைவது என்ற கேள்வியில் உறைந்து நின்றார்கள். நான் மறுநாள் அங்கிருந்து புறப்படவேண்டியிருந்தது. மனம் கனத்துத்தான் புறப்பட்டேன்.

பின்னர் நடந்ததை இரு வீட்டாரும் சொல்லத்தான் அறிந்தேன். அன்றிரவு தலைமையாசிரியரின் துணைவியார் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: "நாளை அந்தச் சுவர் பிள்ளைகள்மேல் விழுந்தால், தீர்ப்பு நமக்குச் சாதகமாகத்தானே வரும்?" அவர் பதில் சொல்லவில்லை. விடிந்ததும் கடைவீதிக்குச் சென்று முப்பது மீட்டர் குழாய் வாங்கிவந்தார். எழுபது வயதைக் கடந்த அந்த மனிதர், கூலிக்கு ஒரு சிறுவனை வைத்துக்கொண்டு, குளியலறை நீரைப் பக்கத்து நாலாவுக்குத் திருப்பிவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை.

பத்து நாட்களில் சுவரில் இருந்த ஈரத் திட்டு சுருங்கத் தொடங்கியது. கீழ்வீட்டுக்காரருக்கு விஷயம் விளங்கிவிட்டது. இங்கேதான் சாதகர்களே, எனக்கு உண்மையிலேயே அச்சமூட்டும் இடம் வருகிறது. அவர் உடனே கைப்பேசியை எடுத்து அந்தச் சுவரைப் படம் பிடித்தார். கசிவு மேல்வீட்டுடையதுதான் என்பதற்கு இதைவிடச் சான்று வேறு வேண்டுமா? வக்கீலிடமும் காட்டினார், நல்ல சான்று என்று அவர் வாங்கி வைத்துக்கொண்டார். ஒருவர் தம் தவறைத் திருத்திக்கொண்டதே அவருக்கு எதிரான ஆயுதமாயிற்று. எத்தனை குடும்பங்களில் இது நடக்கிறது! மன்னிப்புக் கேட்டவரிடம், 'அப்படியானால் நீதான் செய்தாய் அல்லவா' என்று பிடித்துக்கொள்கிறோம். பிறகு அந்த வீட்டில் யாரும் மன்னிப்புக் கேட்பதே இல்லை.

ஒரு வாரம் அவர் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு நிம்மதியின்றித் திரிந்திருக்கிறார். "பார்க்கும்போதெல்லாம் அதில் ஈரம் தெரியவில்லை சுவாமிஜி. அந்தக் கிழவர் மண்வெட்டி பிடித்துக் குனிந்து நிற்பதுதான் தெரிந்தது" என்று பின்னர் என்னிடம் கூறினார். ஜூலை முதல் வாரத்தில் மிஸ்திரியை அழைத்துவந்து அடைப்புகளை உடைக்கச் சொன்னார். முதல் துளையிலிருந்து காவி நிறச் சேற்றுநீர் கையளவு தடிமனில் பீறிட்டதாம். அரை நாள் வடிந்தது. பிறகு தெளிந்த நீர் சொட்டுச் சொட்டாக வந்தது. வெடிப்பு விழுந்த பகுதியைப் பெயர்த்து, பின்னே சரளைக்கல் நிரப்பி, மீண்டும் கட்டவேண்டும் என்று மிஸ்திரி சொன்னார். மழைக்குமுன் முடியாது, அதுவரை பிள்ளைகள் அந்த அறையில் உறங்கவேண்டாம் என்றும் எச்சரித்தார். அந்த மழைக்காலம் முழுவதும் பிள்ளைகள் மேல்வீட்டில்தான் உறங்கினார்கள். அழைத்தவர் தலைமையாசிரியரின் துணைவியார். தலைமையாசிரியர் எதுவும் பேசவில்லை. கூடத்தில் இரண்டு கட்டில்களை மட்டும் நகர்த்திப் போட்டாராம்.

ஜூலை மத்தியில் அங்கே 'ஹரேலா' பண்டிகை வரும். பத்து நாட்களுக்குமுன் வீட்டுக்குள் விதைத்த தானிய முளைகளை அன்று அறுத்து, பெரியவர்கள் சிறியவர்களின் தலையில் வைத்து வாழ்த்துவார்கள். இரண்டு ஆண்டுகளாக நின்றுபோயிருந்த அந்த வழக்கம் அவ்வாண்டு மேல்வீட்டில் மீண்டும் நடந்தது. பிள்ளைகளின் தலையில் முளைகளை வைத்தவர், வாசற்படியில் தயங்கி நின்ற அவர்களுடைய தகப்பனாரையும் கையசைத்து அழைத்தார்.

அண்மையில் அந்த வழியாகச் சென்றபோது இருவரையும் கண்டேன். வழக்கு இன்னும் முடியவில்லை. ஒரு சாண் நிலம் யாருடையது என்பதில் இருவரும் தத்தம் கருத்தில் உறுதியாகவே இருக்கிறார்கள். ஆனால் வாய்தா நாட்களில் இருவரும் ஒரே ஜீப்பில்தான் நீதிமன்றத்துக்குப் போய்வருகிறார்கள். வாடகையைத் தலைமையாசிரியர் கட்டாயமாகக் கொடுத்துவிடுகிறாராம். நான் புறப்படும்போது கீழ்வீட்டுக்காரர் என்னைச் சுவரருகே அழைத்துச்சென்று, துளைகளின் கீழே தரையெங்கும் பாசி பிடித்து வழுக்குவதைக் காட்டிக் குறைப்பட்டுக்கொண்டார். "தாஜ்யூவிடம் சொன்னால், 'சுண்ணாம்பு போட்டுத் தேய், புலா' என்கிறார்" என்றார்.